பீச்சஸ் காய் ஏன் நடுவில் நின்றுவிடுகிறது?



பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை, பொரலந்தைப் பக்கங்களில் வீட்டுத் தோட்டங்களைப் பார்த்தால் கொய்யா, பெயார்ஸ் மரங்களுக்கு நடுவில் எங்கேயாவது ஒரு பீச்சஸ் மரமும் நிற்கும். யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பூக்கும்போது இளஞ்சிவப்பாக அழகாய் இருக்கும். காய் பிடித்த பிறகுதான் எல்லாருக்கும் மரத்தின் மேல் ஒரு கண் விழும். அப்போதுதான் இந்தக் கேள்வியும் வரும்:

"காய் நல்லாத்தான் வந்திச்சு. கொட்டைப்பாக்கு அளவுக்கு மேலே வந்த பிறகு அப்படியே நின்னு போச்சு. மூணு கிழமையா ஒரு மாத்தமும் இல்லே. மரத்துக்கு ஏதோ சீக்கு போல இருக்கு."

இப்படி நினைத்து சிலர் காயையெல்லாம் உலுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று தீர்த்துவிடுகிறார்கள். சிலர் கை நிறைய உரம் அள்ளிப் போடுகிறார்கள். "இது பிரயோசனமில்லாத மரம்" என்று கத்தியை எடுக்கிறவர்களும் உண்டு.

உண்மையில் மரத்துக்கு ஒரு சீக்கும் இல்லை. அந்த மூன்று கிழமையும் காய் சும்மா இருக்கவில்லை. வெளியே தெரியாத ஒரு பெரிய வேலை உள்ளே நடக்கிறது. அது என்ன வேலை என்று விளங்கிக்கொண்டால், எப்போது பிஞ்சு கழிக்க வேண்டும், எப்போது தண்ணீர் வேண்டும், எப்போது பறிக்க வேண்டும் என்பதெல்லாம் தானாக விளங்கும். அதைத்தான் இந்தப் பாடத்தில் சொல்லப் போகிறோம்.

எங்கிருந்து வந்த மரம்?

தேயிலையைப் போலவே பீச்சஸும் சீன தேசத்து மரம்தான். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் மண்ணைத் தோண்டி எடுத்த பீச்சஸ் கொட்டைகள் சில, ஏறக்குறைய 8,000 வருஷம் பழையவை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கிருந்து பாரசீகத்துக்குப் போய், பாரசீகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. ரோமாபுரிக்காரர்கள் இதைப் பாரசீகத்துப் பழம் என்றே நினைத்தார்கள். 'பீச்' என்ற பெயரும் அந்தப் பாரசீகம் என்ற சொல்லிலிருந்து திரிந்து வந்ததுதான்.

இது ரோஜாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயார்ஸ், அப்பிள், ஸ்ட்ரோபெரி எல்லாம் இதற்குச் சொந்தம். பிளம்ஸும் பாதாமும் இன்னும் நெருங்கிய சொந்தம்.

குளிர் தேசத்து மரமானபடியால், இலை உதிர்த்துத் தூங்கி எழும்ப இதற்குக் கொஞ்சக் காலம் குளிர் வேண்டும். சில ரகங்களுக்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் 600 முதல் 1,000 மணித்தியாலம் வரை கிடைக்க வேண்டும். நம் மலைகளில் அவ்வளவு குளிர் எங்கே இருக்கிறது? ஆகவே குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்கள்தான் இங்கே சரிவரும். பதுளை டவுன் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பீச்சஸுக்கு வெப்பம் அதிகம். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலே, அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே. இந்த மரத்துக்கு அந்த உயரங்கள்தான் பிடிக்கும்.

பூவுக்குள் இருக்கிற பழம்

ஒரு பீச்சஸ் பூவை எடுத்து இதழ்களைப் பிய்த்துவிட்டுப் பாருங்க. நடுவிலே பச்சையாக ஒரு சின்னக் குமிழ், அதற்கு மேலே ஒரு நூல் போன்ற தண்டு இருக்கும். அந்தக் குமிழ்தான் சூலகம். நாளைக்குப் பழமாகப் போவது அதுதான். சுற்றி நிற்கிற மஞ்சள் முனைக் கேசரங்களில் மகரந்தம் இருக்கிறது. தேனீ வந்து உட்கார்ந்து எழும்பினால் மகரந்தம் நடுத் தண்டின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான பீச்சஸ் ரகங்களுக்குத் தன் பூவின் மகரந்தமே போதும். ஆகவே ஒரே ஒரு மரம் இருந்தாலும் காய்க்கும்.

சூலகத்துக்குள் இரண்டு சூல்வித்துக்கள் இருக்கின்றன. வழக்கமாக ஒன்றுதான் விதையாகும். மற்றது சுருங்கிப் போய்விடும். எப்போதாவது ஒரு கொட்டைக்குள் இரண்டு பருப்பு இருந்தால், இரண்டுமே பிழைத்துக்கொண்டன என்று அர்த்தம்.

பூத்த சில கிழமைக்குள் பூவும் பிஞ்சும் நிறைய உதிரும். "கண்ணு பட்டுப் போச்சு" என்று கவலைப்படத் தேவையில்லை. மகரந்தம் சேராத பூ முதலில் விழும். விதை சரியாக உருவாகாத பிஞ்சு பிறகு விழும். உள்ளே உயிருள்ள விதை இல்லாத காய்க்கு மரம் சாப்பாடு கொடுப்பதில்லை.

கொட்டைக் கனி என்றால் என்ன?

தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தோல், அதற்குள்ளே பொச்சு, அதற்குள்ளே சிரட்டை, சிரட்டைக்குள்ளே பருப்பு. பீச்சஸுக்கும் இதே ஒழுங்குதான். வெளியே பஞ்சு போல மயிர் படிந்த தோல். தேங்காயில் பொச்சு இருக்கிற இடத்தில் பீச்சஸில் சாறுள்ள சதை. சிரட்டை இருக்கிற இடத்தில் கரடுமுரடான கொட்டை. அதற்குள்ளே பருப்பு.

ஆகவே நாம் 'பீச்சஸ் கொட்டை' என்று சொல்வது முழுவதும் விதை அல்ல. அது பழத்தின் உட்சுவர். உண்மையான விதை அதை உடைத்தால் உள்ளே இருக்கிற பருப்புத்தான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்லப் போவது சுலபமாக விளங்கும்.

பூத்ததிலிருந்து பழுக்கும்வரை காய் மூன்று கட்டமாக வளர்கிறது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் கொனர்ஸ் என்பவர் காய்களை அளந்து பார்த்து 1919ஆம் ஆண்டில் இதை எழுதிவைத்தார். முதலில் வேகம், நடுவில் தாமதம், கடைசியில் மறுபடியும் வேகம்.

முதற் கட்டம்: காய் பருக்கும் காலம்

இது பூத்த நாளிலிருந்து நாலு முதல் ஏழு கிழமை வரை போகும். தொடக்கத்தில் காயின் கலங்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பிரிந்து பெருகுகின்றன. பழத்தில் எத்தனை கலம் இருக்கப் போகிறது என்பது பெரும்பாலும் இந்த ஆரம்பக் கிழமைகளில் முடிவாகிவிடும். பிறகு வருவதெல்லாம் அந்தக் கலங்கள் பெருப்பதுதான். கலம் குறைவாக உண்டான காய் கடைசியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பெரிய பழமாகாது.

இந்த நேரத்தில் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கொட்டை வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அதற்குள்ளே பருப்பு இருக்கிற இடத்தில் தெளிந்த பாகு போல ஒன்று இருக்கும். இளநீருக்குள் வழுக்கை கட்டுவதற்கு முன் இருக்கிற நிலை மாதிரி என்று சொல்லலாம். விதை வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய முழு அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்கிற முளையம், அதாவது நாளைக்கு மரமாகப் போகிற குழந்தை, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக ஒரு நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டில் கட்டியாயிற்று, பிள்ளை இன்னும் வளரவில்லை.

*இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது: பிஞ்சு கழித்தல்.*

இதைச் செய்யத்தான் பலருக்கும் மனம் வராது. ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சைக் கேளுங்கள்:

"ஏன்டா தம்பி, காய்ச்சதையெல்லாம் பிச்சுப் போடுறே? பாவம் இல்லையா?"

"இல்லே அப்பாயி, ஒரு கிளையிலே இருபது காய் இருந்தா இருபதும் சுண்டிப் போயிடும். ஆறை விட்டா ஆறும் பழமாகும். நீங்களே பாருங்க, ஒரு பானைச் சோத்தை இருபது பேருக்குப் பங்கு வச்சா யாருக்கு வயிறு நிறையும்?"

கணக்கு இதுதான். ஒரு பழம் நன்றாக வளர்ந்து இனிக்க, முப்பது முதல் நாற்பது இலையின் உழைப்பு வேண்டும். ஆகவே கிளையில் ஒரு சாணுக்கு ஒரு காய் என்று விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஒட்டிப் பிறந்த இரட்டைக் காய், வண்டு குத்தின காய், வளைந்த காய் முதலில் போகட்டும். கொட்டை இறுகுவதற்கு முன்னே இதைச் செய்தால்தான் பலன். பிந்திச் செய்தால், கழித்த காயின் கொட்டைக்கும் பருப்புக்கும் மரம் கொடுத்த சாப்பாடு வீண்.

கொட்டை இறுக ஆரம்பித்துவிட்டதா என்று எப்படி அறிவது? ஒரே ஒரு காயைப் பறித்து, காம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கூர் நுனியிலிருந்து கத்தியால் மெல்ல மெல்லச் சீவுங்கள். கொட்டை முதலில் இறுகுவது அந்த நுனியில்தான். கத்தி தடையில்லாமல் போனால் இன்னும் நேரம் இருக்கிறது. நுனியில் 'கறுக்' என்று தட்டுப்பட்டால் இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டது.

இரண்டாம் கட்டம்: காய் 'நின்றுவிடுகிற' காலம்

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் காயின் வெளிப்பருமன் மிகவும் மெதுவாகத்தான் கூடும். தினமும் பார்க்கிறவர்களுக்கு நின்றுவிட்டது போலவே தெரியும். உள்ளேயோ இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது.

முதல் வேலை, கொட்டை மரக்கட்டையாவது. மெத்தென்று இருந்த உட்சுவரின் கலங்களில் இலிக்னின் என்கிற பொருள் படிகிறது. மரத்தைப் பலகையாக்குகிற பொருளும் இதுதான். நுனியில் தொடங்கி கொட்டை முழுவதும் இறுகிப் போகும். பிறகு கத்தியால் வெட்ட முடியாது, சுத்தியல்தான் வேண்டும்.

இரண்டாவது வேலை, பருப்பு நிறைவது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்த முளையம் இப்போது வேகமாக வளர்கிறது. தன்னைச் சுற்றி இருந்த பாகைத் தின்று தின்று, இரண்டு வித்திலைகளாகப் பருத்து, விதைத் தோலை முழுவதும் நிரப்பிவிடும். நிலக்கடலையை உரித்தால் இரண்டாகப் பிரிகிறதே, அதே போன்ற இரண்டு வித்திலைதான். தேங்காயில் நாம் தின்கிற பருப்பு குழந்தைக்குக் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதி. பீச்சஸில் குழந்தை அந்தப் பொதியைச் சாப்பிட்டு முடித்துத் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொண்டுவிட்டது.

ஒரே சம்பளத்தில் வீட்டுச் சுவரும் கட்டி, பிள்ளையையும் படிக்கவைக்கிற குடும்பம் அந்த வருஷம் தீபாவளிக்குப் புதுச்சேலை எடுக்குமா? மரமும் அப்படித்தான். இலைகள் சமைத்துக் கொடுக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு கொட்டைக்கும் பருப்புக்கும் போகிறது. சதைக்கு மிச்சம் குறைவு. காயைப் பறித்துக் காயவைத்து நிறுத்துப் பார்த்தால், 'நின்றுவிட்ட' நாட்களிலும் அதன் காய்ந்த எடை கூடிக்கொண்டே போவது தெரியும்.

இந்தக் காலம் எவ்வளவு நாள்? அது ரகத்தைப் பொறுத்தது. முந்திப் பழுக்கிற ரகத்துக்கு இரண்டு மூன்று கிழமையில் முடிந்துவிடும். பிந்திப் பழுக்கிற ரகத்துக்கு இரண்டு மாதம்கூடப் போகலாம். முந்தின ரகத்துக்கும் பிந்தின ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த நடுக் கட்டத்தின் நீளம்தான். ஆகவே பக்கத்து வீட்டு மரம் பழுத்துவிட்டது, நம்ம மரம் இன்னும் பச்சையாக நிற்கிறது என்றால் பொறாமையும் வேண்டாம், பயமும் வேண்டாம். ரகம் வேறு, அவ்வளவுதான்.

*இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது: பொறுமையாக இருப்பது.*

உரத்தை அள்ளிப் போட்டால் காய் பருக்காது; கொழுந்துதான் தள்ளும். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர் பாய்ச்சவும் கூடாது. கொட்டை இறுகிக்கொண்டிருக்கும்போது சதை மட்டும் திடீரென்று ஊதினால், கொட்டை தாங்க முடியாமல் இரண்டாக விரிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. காம்படியில் சின்ன ஓட்டை விழுந்திருக்கும். அதன் வழியாக எறும்பும் பூசணமும் உள்ளே போய் பழத்தைக் கெடுக்கும். மழை நம் கையில் இல்லை. ஆனால் மரத்தடியில் சருகு, புல் போட்டு மூடிவைத்தால் ஈரம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருக்கும். அடிமரத்தை ஒட்டிப் போடாமல் ஓர் அடி தள்ளிப் போடுங்கள்.

மூன்றாம் கட்டம்: சதை பிடிக்கும் காலம்

கொட்டை இறுகிவிட்டது, பருப்பும் நிறைந்துவிட்டது. இனி மரத்தின் சம்பளம் முழுவதும் சதைக்குத்தான். பழுப்பதற்கு முந்தின நாலு முதல் ஆறு கிழமையில் கலங்கள் தண்ணீரையும் சர்க்கரையையும் இழுத்துக்கொண்டு ஊதுகின்றன. பழத்தின் மொத்த எடையில் பாதிக்கு மேல், சில வேளை மூன்றில் இரண்டு பங்கு, இந்தக் கடைசிக் காலத்தில்தான் சேர்கிறது. 'நின்று போச்சு' என்று நடுவிலே பறித்துவிட்டவர்கள் இழந்தது இவ்வளவையும்தான்.

*இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது: தண்ணீரும் காவலும்.*

ஊவாவில் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை வீசுகிற காய்ந்த காற்று நம் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. ஆனால் சதை பிடிக்கிற பீச்சஸுக்கு அந்தக் காற்று எதிரி. உங்கள் மரத்தின் மூன்றாம் கட்டம் அந்த மாதங்களில் வந்தால், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை அரிசி கழுவின தண்ணீர், மரக்கறி கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் மரத்தடியில் ஊற்றுங்கள். சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம்.

அடுத்த எதிரி பழ ஈ. தோல் மெதுவாகிற நேரம் பார்த்து, ஊசி குத்துவது போலக் குத்தி உள்ளே முட்டையிடும். வெளியே நல்ல பழம் போல இருக்கும். வெட்டினால் புழு நெளியும். இதற்கு மருந்தடிக்கத் தேவையில்லை. நிறம் மாறத் தொடங்குவதற்கு முன்னே ஒவ்வொரு காய்க்கும் பழைய பத்திரிகைத் தாளில் பை செய்து கட்டிவிடுங்கள். காய் கழித்து விட்டிருந்தால் இது ஒரு பின்னேர வேலைதான். கீழே விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் ஒரு பழத்தின் புழு அடுத்த மாதம் ஒரு கூட்டம் ஈயாகும். மலையில் தேயிலைக்கு அடிக்கிற மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுப் பழமரத்துக்கு அடிக்கக் கூடாது.

எப்போது பறிப்பது?

"சிவப்பாயிடுச்சு, பறிக்கலாம்" என்று சொல்வார்கள். சிவப்பை நம்ப வேண்டாம். வெயில் படுகிற பக்கம் பழுக்காமலே சிவக்கும். பார்க்க வேண்டியது சிவப்பு இல்லாத இடத்தின் நிறத்தை. அந்தப் பச்சை வெளிறி, ரகத்தைப் பொறுத்து மஞ்சளாகவோ வெள்ளை மஞ்சளாகவோ மாற வேண்டும். வாசம் வர வேண்டும். உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்தினால் கொஞ்சம் இசைந்து கொடுக்க வேண்டும். லேசாகத் திருகினால் காம்பைவிட்டு வந்துவிட வேண்டும்.

"முந்திப் பறித்து வைக்கோலுக்குள் வைத்தால் வாழைப்பழம் போலப் பழுக்காதா?" என்று கேட்கலாம். இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. வாழைக்காயில் மாப்பொருள் நிறைய இருக்கிறது. பறித்த பிறகும் அந்த மாப்பொருள் சர்க்கரையாக மாறும். ஆகவே வீட்டிலே வைத்தாலும் இனிக்கும். பீச்சஸில் அப்படிச் சேமித்த மாப்பொருள் இல்லை. அதன் இனிப்பெல்லாம் மரத்தில் இருக்கும்போது இலையிலிருந்து வருவதுதான். பச்சையாகப் பறித்தால் எதிலீன் என்கிற வாயுவின் வேலையால் மெதுவாகும், புளிப்பும் கொஞ்சம் குறையும். ஆனால் இனிப்புக் கூடாது.

ரோட்டோரம் வைத்து விற்கிறவர்களுக்கும் இதுதான் எங்கள் ஆலோசனை. கல் போலப் பச்சைக்காயை விற்றால் வாங்கினவர் அடுத்த முறை வண்டியை நிறுத்த மாட்டார். பச்சை வெளிறி, கை வைத்தால் இன்னும் கெட்டியாக இருக்கிற பழத்தைப் பறித்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், ருசியும் இருக்கும். முழுதாக மெதுவானது பிள்ளைகளுக்கும் ஜாமுக்கும்.

பருப்பைத் தின்ன விடாதீர்கள்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கொட்டையைக் கல்லால் உடைத்து உள்ளே இருக்கிற பருப்பை எடுத்துத் தின்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. பார்க்க பாதாம் பருப்பு மாதிரியே இருக்கும், மணமும் அப்படித்தான். ஆனால் அதில் அமிக்டாலின் என்கிற ஒரு பொருள் இருக்கிறது. மென்று தின்னும்போது அதிலிருந்து சயனைட் நஞ்சு வெளிவரும். மரவள்ளிக் கிழங்கில் இருக்கிற நஞ்சும் இதே சயனைட்தான். அதனால்தானே மரவள்ளியைப் பச்சையாகத் தின்ன வேண்டாம், மூடியைத் திறந்துவைத்து அவிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

விதை தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கிற ஆயுதம் அது. மரத்துக்கு வேண்டியது, மிருகங்கள் சதையைத் தின்றுவிட்டு விதையை விட்டுவிட்டுப் போவதுதான். சதை கூலி, கசப்பு காவல்.

பீச்சஸின் சொந்தமான அப்ரிகொட் பருப்பைப் பற்றி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2016ஆம் ஆண்டில் ஓர் எச்சரிக்கை கொடுத்தது. சின்னப் பிள்ளைக்கு ஒரு சிறிய பருப்பே பாதுகாப்பான அளவைத் தாண்டலாம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பீச்சஸ் பருப்பில் அதைவிடக் குறைவாக இருந்தாலும் அதே நஞ்சுதான். ஆகவே 'ஒண்ணு ரெண்டு தின்னா என்ன' என்று விடக் கூடாது.

சதையில் இந்தப் பயம் இல்லை. பழத்தை ஆசை தீரச் சாப்பிடலாம். முழுக் கொட்டையை விழுங்கிவிட்டால் ஓடு உடையாதபடியால் நஞ்சு வெளிவராது. ஆனால் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. ஆகவே பிள்ளைக் காம்பராவுக்குப் போகிற வயதுக் குழந்தைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டிக் கொடுங்கள்.

பிள்ளை பருப்பை மென்று தின்ற பிறகு தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம், வலிப்பு ஏதாவது வந்தால் நேரத்தைக் கடத்த வேண்டாம். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன தின்றது, எத்தனை தின்றது என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.

கொட்டையை நட்டால் முளைக்குமா?

"எத்தனை கொட்டை போட்டும் ஒண்ணும் முளைக்கல்லே" என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு இரண்டு காரணம் உண்டு.

முதற் காரணம், விதை முற்றாமல் இருப்பது. முந்திப் பழுக்கிற ரகங்களில் நடுக் கட்டம் குறுகியது என்று சொன்னோமல்லவா? முளையம் நிறைந்து முடிவதற்கு முன்னே சதை பழுத்துவிடுகிறது. பழம் நல்ல பழம்தான், ஆனால் கொட்டைக்குள் பருப்பு சூம்பிப்போய் இருக்கும். பழம் பழுத்தால் விதையும் முற்றிவிட்டது என்று நினைப்பது எப்போதும் சரியல்ல. அமெரிக்காவில் டியூக்கி என்கிற விஞ்ஞானி, பீச்சஸின் சொந்தமான செரிப் பழத்தில் இப்படி முற்றாத முளையத்தை எடுத்து, கண்ணாடிக் குழாயில் சாப்பாடு கொடுத்து வளர்த்துக் காட்டி 1933ஆம் ஆண்டில் எழுதினார்.

இரண்டாவது காரணம், விதையின் தூக்கம். குளிர் தேசத்தில் பழம் விழுந்த உடனே முளைத்தால் பனியில் செத்துவிடும். ஆகவே இரண்டு மூன்று மாதம் ஈரத்தோடு குளிரில் கிடந்த பிறகுதான் முளைக்கும்படி விதை பழகியிருக்கிறது. நம் மண்ணில் அந்தக் குளிர் இல்லை. முயற்சி செய்ய விரும்புகிறவர்கள், கொட்டையைக் கழுவி, ஈர மணலோடு ஒரு பையில் போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று மாதம் வைத்துப் பிறகு நடலாம். பை மேலே 'தின்னக் கூடாது' என்று எழுதிவையுங்கள். குளிர் போதாமல் முளைத்த கன்று சில வேளை குட்டையாக, இலை அடுக்காகச் சுருண்டு நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விதையிலிருந்து வருகிற கன்று தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்பது நிச்சயமில்லை. விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருப்பதும், வீ.பி. தேயிலையில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருப்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதானே. ஆகவே நல்ல பழம் வேண்டுமென்றால் ஒட்டுக் கன்றுதான் நல்லது. வாங்குவதற்கு முன்னே, பொரலந்தைப் பக்கம் ரஹங்கலவில் இருக்கிற விவசாயத் திணைக்கள ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, நம் உயரத்துக்கு எந்த ரகம் சரிவரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்று நட்டு மூன்றாம் வருஷமளவில் காய்க்கத் தொடங்கும். பீச்சஸ் பூப்பது போன வருஷம் வளர்ந்த கிளையில்தான். தேயிலைக்குச் சில வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து. இந்த மரத்துக்கு வருஷா வருஷம் அறுவடை முடிந்த பிறகு கவ்வாத்து வேண்டும். புதுக்கிளை வராவிட்டால் அடுத்த வருஷம் பூவும் இல்லை.

ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

1. பூத்த நாளைக் கலண்டரில் குறித்துவையுங்கள். மரத்தின் கணக்கு அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

2. கொட்டை இறுகுவதற்கு முன்னே பிஞ்சு கழியுங்கள். சாணுக்கு ஒரு காய்.

3. காய் நின்றுவிட்டது போல இருந்தால் உள்ளே கொட்டையும் பருப்பும் உருவாகின்றன. பறிக்க வேண்டாம், அளவுக்கு மிஞ்சி உரம் போட வேண்டாம், மரத்தை வெட்டவும் வேண்டாம்.

4. கடைசி நாலு முதல் ஆறு கிழமையில் தண்ணீரும், பழ ஈக்குக் காகிதப் பையும் முக்கியம்.

5. சிவப்பைப் பார்த்துப் பறிக்காமல், பச்சை வெளிறுவதைப் பார்த்துப் பறியுங்கள்.

6. பருப்பை யாரும் தின்னக் கூடாது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

மரத்தில் ஐந்து காய்களைத் தெரிந்து ஒவ்வொன்றின் காம்பிலும் நிற நூல் கட்டுங்கள். கிழமைக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு நூலால் காயின் இடுப்பைச் சுற்றி அளந்து, அந்த நூலை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்து சதமமீற்றரில் எழுதுங்கள். ஐந்து காயின் அளவையும் கூட்டி ஐந்தால் வகுத்து, வரைபுத் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். பழுக்கும்வரை விடாமல் செய்தால் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு முதலில் ஏறி, நடுவில் சமதரையாகி, மறுபடி ஏறும். அப்பா, அம்மாவுக்கும் அதைக் காட்டுங்கள். சமதரையாக இருக்கிற இடத்தில் காய்க்குள் என்ன நடந்தது என்று நீங்களே அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.